இராணுவப் பயிற்சி நிலங்களில் தொல்லியல் இடங்களின் மேலாண்மை: சாலிஸ்பரி சமவெளியை முன்வைத்து

முன்னுரை

தொல்லியல் இடங்களின் அழிவுக்கு உழவு, நகர விரிவாக்கம், கல்லுடைப்பு, போர் ஆகியவற்றைக் காரணங்களாகச் சுட்டுவது வழக்கம். குண்டுகள் விழும் இராணுவப் பயிற்சி நிலத்தில் பழஞ்சின்னங்கள் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்ற எண்ணமும் பரவலாக உண்டு. இங்கிலாந்தின் வில்ட்சயர் பகுதியில் உள்ள சாலிஸ்பரி சமவெளி இவ்வெண்ணத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது. இராணுவத்தின் இருப்பால் அங்கு எவை எஞ்சின, எவை இடருக்கு உள்ளாயின, எஞ்சியவற்றைக் காக்க எத்தகைய மேலாண்மை தேவைப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் சின்னங்களும்

பிரித்தானியப் போர்த்துறை 1897ஆம் ஆண்டு முதல் இச்சமவெளியில் நிலம் வாங்கத் தொடங்கியது. இன்று பயிற்சிப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 38,000 ஹெக்டேர் ஆகும். அதனுள் 2,000க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள் பதிவாகியுள்ளன. புதிய கற்காலத்து நீள் ஈமமேடுகள், வெண்கலக்காலத்து வட்ட ஈமமேடுகள், இரும்புக்காலக் குன்றுக் கோட்டைகள், உரோமானியர் காலச் சிற்றூர்கள், பண்டைய வயல் வரப்புகள் ஆகியன அவற்றுள் அடங்கும். சிசன்பரி வாரன் என்னுமிடத்தில் உரோமானியர் கால ஊரொன்றின் அமைப்பு இன்றும் தரைமேல் மேடுபள்ளங்களாகப் புலப்படுகிறது.

இவை எஞ்சியதற்கான காரணம் எளியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் தென்னிங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளிகள் பெருமளவில் உழுநிலங்களாயின. இயந்திரக் கலப்பை ஆண்டுதோறும் மண்ணைக் கீறியதால் தாழ்வான மேடுகள் சமன்பட்டு மறைந்தன. பயிற்சிப் பகுதியின் பெரும்பரப்பில் அத்தகைய உழவு நிகழவில்லை. வடமேற்கு ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப்பெரிய சுண்ணாம்புப் புல்வெளி இங்கேயே உள்ளது. புல்வெளியைக் காத்த சூழலே ஈமமேடுகளையும் காத்தது.

ஆயினும் இக்காப்புக்கு மக்கள் விலை கொடுத்தனர். 1943ஆம் ஆண்டின் இறுதியில் இம்பர் என்னும் சிற்றூரின் மக்கள் 47 நாள் அறிவிப்பில் வெளியேற்றப்பட்டனர். போருக்குப் பின்னரும் அவர்கள் குடியேற இசைவு கிடைக்கவில்லை. இடைக்காலத்தைச் சேர்ந்த தேவாலயம் மட்டும் அங்குப் பழமை குன்றாமல் நிற்கிறது.

தற்செயலும் மேலாண்மையும்

உழவு இன்மையால் விளைந்த காப்பு தற்செயலானது. அதனைத் திட்டமிட்ட பாதுகாப்பாகக் கொள்ளல் ஆகாது. டாங்கிகளின் தடங்கள் ஈரமண்ணை ஆழமாகக் கிழிக்கின்றன. பதுங்குகுழி தோண்டும் பயிற்சி அடுக்குகளைக் குலைக்கிறது. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் இடங்களில் ஆய்வாளர் நுழைவதே அரிது.

சட்டநிலையும் கருதத்தக்கது. 1979ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், பட்டியலிடப்பட்ட சின்னங்களில் பணி மேற்கொள்ள முன்னிசைவு பெறுவதைக் கட்டாயமாக்குகிறது. அரசுத்துறைகளின் சொந்தப் பணிகளுக்கு இக்கட்டாயம் நேரடியாகப் பொருந்துவதில்லை. அதற்கு இணையான அனுமதி முறையைப் பாதுகாப்புத்துறை தானே பின்பற்றுகிறது. எனவே சட்டத்தின் கட்டளையைக் காட்டிலும் நிறுவனத்தின் ஒழுங்கையே இந்நிலத்தின் சின்னங்கள் பெரிதும் சார்ந்துள்ளன எனலாம்.

அவ்வொழுங்கின் கூறுகள் மூன்று. முதலாவது, அறிதல். வான்வழி ஒளிப்படங்கள், கள அளவீடுகள் ஆகியவற்றின் துணையால் சின்னங்கள் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. இரண்டாவது, அறிவித்தல். களத்தில் நடப்படும் அடையாளப் பலகைகள், தோண்டக் கூடாத இடத்தைப் படைவீரருக்கு உணர்த்துகின்றன. மூன்றாவது, பொறுப்பேற்றல். பாதுகாப்புத்துறையின் நில நிருவாக அமைப்பே தொல்லியலாளரைப் பணியமர்த்தியுள்ளது.

பாரோ கிளம்ப்: எதிர்பாராத இடர்

ஃபிகெல்டீன் ஊருக்கு அருகிலுள்ள பாரோ கிளம்ப் என்னும் வெண்கலக்கால ஈமமேடு இங்குச் சிறந்த சான்றாகும். பீரங்கிகள் முழங்கும் நிலத்தில் இம்மேட்டைச் சிதைத்தவை வளைதோண்டும் பேட்ஜர் விலங்குகள். அவை மனித எலும்புகளையும் கல்லறைப் பொருள்களையும் மேலே தள்ளின. படையினரை விலக்கிவைத்தால் மட்டும் போதும் என்னும் கருத்து இங்குப் பொருந்தாமற் போகிறது.

தீர்வும் படையினரிடமிருந்தே பிறந்தது. போரில் காயமுற்ற வீரர்களை அகழாய்வில் ஈடுபடுத்தும் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ திட்டம் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின்கீழ் 2012 முதல் இம்மேடு அகழப்பட்டது. கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஆங்கிலோ-சாக்சன் கல்லறைகள், ஈட்டி, கேடய உறுப்புகள், அணிகலன்கள் ஆகியன முறையாகப் பதிவாயின. மண்ணின் நிறவேறுபாட்டை நோக்குதல், நில அளவை, குழுவாக உழைத்தல் ஆகிய படைத்துறைத் திறன்கள் அகழாய்வுக்கும் உரியவை என்பது இங்குப் புலனாகிறது.

படைத்துறைத் தடயங்களும் வரலாறாதல்

லார்க்ஹில் பகுதியில் படையினர் குடும்பங்களுக்கு வீடுகட்டுவதற்கு முன் நிகழ்ந்த அகழாய்வில், புதிய கற்காலத்து அகழி வளாகம் ஒன்று வெளிப்பட்டது. அதே திட்டத்தின் அகழாய்வுகளில் முதல் உலகப்போர்க் காலப் பயிற்சிப் பதுங்குகுழிகளும், அவற்றின் சுண்ணாம்புச் சுவரில் வீரர்கள் பொறித்த பெயர்களும் கிடைத்தன. ஒருகாலத்தில் தொல்சின்னத்துக்கு இடராகக் கருதத்தக்க குழியே இன்று ஆய்வுக்குரிய சின்னமாகியுள்ளது.

பயிற்சி நிலமும் போர்க்களமும்

பயிற்சியில் பெறும் பழக்கமே போர்க்களத்திற்கும் செல்கிறது. 2003–2004இல் பாபிலோன் தொல்நகரில் அமெரிக்க, போலந்துப் படைகள் முகாமிட்டன. அங்கு அகழிகள் வெட்டப்பட்டதையும், தொல்பொருள்கள் கலந்த மண் அரண்மூட்டைகளில் நிரப்பப்பட்டதையும் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜான் கர்ட்டிஸ் தம் அறிக்கையில் பதிவுசெய்தார். மூட்டையை நிரப்பிய வீரர் பகைமையால் அதனைச் செய்யவில்லை. தாம் அள்ளும் மண் எத்தகையது என அறியும் பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் கடமை அமைதிக்காலத்திலேயே தொடங்குகிறது என 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை கூறுவதன் பொருத்தத்தை இங்கு உணரலாம். பிரித்தானியா இவ்வுடன்படிக்கையை 2017இல்தான் உறுதிசெய்தது.

முடிவுரை

சாலிஸ்பரி சமவெளியில் இராணுவத்தின் இருப்பு சின்னங்களை உழவிலிருந்து காத்தது. ஆனால் அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பது பதிவு, அடையாளம், களப்பார்வை ஆகியவற்றை இடைவிடாது தொடரும் பணியேயாகும். வேலியிட்டு மூடிய நிலத்தில் பொதுமக்களின் கண்காணிப்பு குறைவு. ஆதலின் அந்நிலத்திற்குள் பொறுப்புடைய தொல்லியலாளர் ஒருவர் இருப்பது இன்றியமையாதது. தன் பயிற்சி நிலத்திலுள்ள ஈமமேட்டை மதிக்கக் கற்ற படையே பிறர் நாட்டுத் தொல்நகரையும் மதிக்கும் என எதிர்பார்க்க இயலும்.