நாக்கடி மாத்திரையை நிறுத்தியது யார்?

போன வாரம் வந்த இளைஞருக்கு முழங்கை மடிப்பில் எலுமிச்சை அளவு சீழ்க்கட்டி. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீளத் தரப்படும், நாக்கடியில் வைக்க வேண்டிய புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றியிருக்கிறார். "எல்லாம் இந்த மாத்திரையால வந்த வினை டாக்டர், நிறுத்திட்டோம்" என்றார் அம்மா. கட்டியைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது.

பாதி வேலை செய்யும் மருந்து

அபினிச் செடியில் உள்ள தீபெயினிலிருந்து தயாராகும் அரைச்செயற்கை ஓபியாய்டு, புப்ரெனார்ஃபின். மூளையில் ஹெராயின் போய் உட்காரும் இடத்திலேயே இதுவும் இறுக உட்காரும். ஆனால் பாதி வேலைதான் பார்க்கும். ஏக்கம் அடங்கும், கிறக்கம் பெரிதாக ஏறாது.

காதில் விழும் கதைகள்

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?"
வேளைக்கு மாத்திரை போட்டு, வேலைக்குப் போய், சம்பளத்தை வீட்டில் கொடுப்பவரையா போதையில் இருக்கிறார் என்பீர்கள்? உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இந்த மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்."
சில நாளில் உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். மனசு பழசை மறக்காது. வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம்.

"நண்பன் கொடுத்தான், போட்டேன்."
ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே போட்டால், அதைத் தள்ளிவிட்டு இது இடம் பிடிக்கும். வாந்தி, பேதி, உடம்பு முறுக்கு. முதல் மாத்திரை எப்போது என்பதை நாங்கள் சொல்கிறோம், நண்பன் வேண்டாம்!

"அதிகம் போட்டாலும் ஆபத்தில்லை."
மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் உயிர் போகலாம். குழந்தை எடுத்து வாயில் போட்டாலும் அப்படியே.

பரிசோதனை

போதை ஊசி போட்டவர்கள் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் புப்ரெனார்ஃபின் மனமயக்கப் பொருள். மருந்து விதிகளில் ஹெச்1 அட்டவணை. சீட்டில்லாமல் விற்பது குற்றம். போலீஸ் பயத்தில் சிகிச்சைக்கு வராதவர்களுக்கு ஒன்று: போதைப் பழக்கத்துக்காக வழக்கில் சிக்கியவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்தால், அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

கெஞ்சிக் கேட்கிறேன்

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். நிறுத்தும் முடிவை மட்டும் வீட்டில் எடுக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் செய்யுங்கள். மாத்திரை நாக்கடியில் கரையப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள் அம்மா. பொடிப்பதற்கு மாத்திரை மிஞ்சாது.