யாமத்தில் பணி, காலையில் கல்வி

அகப்பொருள் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் சிறுபொழுது ஆறனையும் விளக்காமல் அப்பாடத்தைக் கடந்து செல்ல இயலாது. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்பன அவை. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். யாமம் இரவு 10 மணி முதல் 2 மணி வரை. வைகறை 2 மணி முதல் 6 மணி வரை. கரும்பலகையில் ஆசிரியர் இதனை எழுதும்போது, பின் வரிசையில் ஒரு மாணவன் மேசைமேல் தலை சாய்த்து உறங்குகிறான் என்று கொள்க. முந்திய இரவின் யாமத்தையும் வைகறையையும் அவன் ஒரு பெட்ரோல் நிலையத்தின் கல்லாப்பெட்டிக்கு முன்னே நின்று கழித்துவிட்டு வந்திருக்கிறான். அவ்விரு பொழுதுகளையும் வகுப்பில் வேறெவரையும்விட அவனே நன்கு அறிவான். அவற்றைப் பற்றித் தேர்வில் எழுதத்தான் அவனால் முடிவதில்லை.

இத்தகைய மாணவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் மிகப் பலர். பெட்ரோல் நிலையம், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடை, தங்கும் விடுதியின் வரவேற்பு மேசை, சரக்குக் கிடங்கு, தொழிற்சாலை எனப் பணியிடம் வேறுபடலாம். இரவைத் தேர்ந்துகொண்ட காரணம் ஒன்றே. பகலில் வகுப்பு இருக்கிறது. தேசிய உயர்கல்விக் கடனுதவி நிதிக் கழகம் 1997ஆம் ஆண்டில் அமைந்த பின்னர்க் கட்டணத்துக்கு ஒருவாறு வழி பிறந்தது. ஆயினும் கடன்பணம் கைக்கு வரும் நாளும் அறை வாடகை செலுத்தும் நாளும் ஒன்றாக அமைவதில்லை. வீட்டிலே தம்பி தங்கையர் இருப்பின் அங்கும் மாதந்தோறும் சிறிது அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே, ‘படிக்க வந்தவனுக்கு வேலை எதற்கு?’ என்று கேட்பது எளிது. அக்கேள்விக்கு விடை கூறும் மாணவன் வாடகைச் சீட்டைத்தான் காட்டுவான்.

வேலையில் சேர்வதற்கு முன்னர் அவனும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான். வாரத்துக்கு 168 மணி. ஐந்து இரவுப் பணி, இரவுக்கு 8 மணியாக, 40 மணி. மலேசிய உயர்கல்வித் தகுதி முறையில் ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, சொந்தப் படிப்பு, தேர்வு ஆகிய யாவும் சேர்ந்து 40 மணி நேர உழைப்பு. பருவத்துக்கு 15 கிரெடிட் எடுப்பவன் 600 மணி உழைக்க வேண்டும். தேர்வுக் காலத்தையும் சேர்த்துப் பருவம் 18 வாரம் எனக் கொண்டால் வாரத்துக்கு 33 மணிக்குச் சற்று மேல். போக்குவரத்துக்கு 10 மணி. உண்ண, குளிக்க, துணி துவைக்க நாளைக்கு 3 மணியாக 21 மணி. கூட்டினால் ஏறத்தாழ 104. மீதி 64 மணி. அதாவது நாளொன்றுக்கு 9 மணிக்கும் மேல் உறங்கலாம்!

கணக்கில் பிழையில்லை. அவன் பொய்யும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் மாதத்திலேயே கண்கள் சிவக்கின்றன, ஒப்படைப்பு தவறுகிறது, படித்தது நிற்பதில்லை. மணி இருக்கிறது, பொழுது இல்லை. கடிகாரத்துக்கு இரவு 2 மணியும் பகல் 2 மணியும் ஒரே அளவினவாக இருக்கலாம். உடலுக்கு அவ்வாறு இல்லை என்பதே இங்குப் புரிந்துகொள்ள வேண்டியது.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆன சிறு முடிச்சு ஒன்று உண்டு. உடலின் நாட்கடிகாரம் அதுவே என்பதை 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுவினர் எலிகளைக் கொண்டு தனித்தனியே கண்டறிந்தனர். அக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களின் மரபணுக்களில் ஆராய்ந்து காட்டிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டில் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இக்கடிகாரத்தின் ஆணைப்படியே உடலின் வெப்பம் மாலையில் உயர்ந்து, வைகறையில், பெரும்பாலோர்க்கு 4 அல்லது 5 மணியளவில், மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. விழிப்பும் கவனமும் அந்நேரத்திலேதான் மிகக் குறைகின்றன. கல்லாவில் சில்லறை தவறுவதும் அவ்வேளையில்தான்.

இக்கடிகாரத்தை நாள்தோறும் திருத்திவைப்பது வெளிச்சம். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அரை மணி முன்னே தள்ளப்பட்டது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அதனால் இங்கு ஆண்டு முழுவதும் கதிரவன் 7 மணியையொட்டி எழுகிறது. இரவுப் பணி முடிவதும் பெரும்பாலும் 7 மணிக்கே. வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் மாணவனின் கண்ணில் இளங்கதிர் நேரே விழுகிறது. ‘பகல் தொடங்கிவிட்டது, எழுந்திரு’ என்று மூளைக்கு அஃது ஆணையிடுகிறது. அவனோ படுக்கப் போகிறான். எட்டு மணிக்குப் படுத்து, பதினொன்றரைக்கு வியர்வையுடன் விழித்து, மீண்டும் உறக்கம் வராமல் புரள்பவனுக்குப் பக்கத்து வீட்டு வானொலிமீது கோபம் வருகிறது. வானொலி மட்டும் காரணமன்று.

பழகினால் சரியாகிவிடும் என்று கூறுவோர் உண்டு. இதனைச் சோதித்தவர் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைட்மன். 1938ஆம் ஆண்டில் அவரும், ரிச்சர்ட்சன் என்னும் அவருடைய இளம் மாணவரும் கெண்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் இறங்கி 32 நாள் தங்கினர். ஞாயிற்றொளி அங்கு எட்டாது. வெப்பம் எந்நேரமும் ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ். நாளொன்றுக்கு 24 மணிக்குப் பதிலாக 28 மணி என வகுத்துக்கொண்டு அவர்கள் வாழ்ந்தனர். இளைஞரின் உடல்வெப்பம் ஒரு வார அளவில் புதிய நாளுக்கு இசைந்தது. பேராசிரியருடையதோ கடைசி வரை பழைய 24 மணி நேரத்தையே பற்றிக்கொண்டிருந்தது. கதிரவனே இல்லாத குகையில், உண்பதும் உறங்குவதும் ஆய்வுக்கென்றே ஒழுங்கு செய்யப்பட்ட நிலையில், இருவருள் ஒருவரால் இயலவில்லை. நிலையாக இரவுப் பணி செய்வோருள்ளும் பெரும்பாலோரின் உடற்கடிகாரம் முழுமையாகத் திரும்புவதில்லை என்பது பின்னர் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. மாணவன் நிலையாகக்கூட இரவில் வாழ்வதில்லை. ஐந்து நாள் இரவில் விழிக்கிறான். விடுமுறை நாள் இரண்டிலும் நண்பர்களோடு பகலில் திரிகிறான். திங்கட்கிழமை மறுபடியும் திரும்புகிறான்.

இங்கே வீட்டுப் பெரியவர்கள் ஒன்று சொல்வர்: ‘நாங்கள் தோட்டத்தில் நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு நிற்கவில்லையா?’ நின்றார்கள்; மறுப்பதற்கில்லை. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் இரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும். குளிர்ந்த நேரத்தில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதே அதற்குக் காரணம். ஆகவே தோட்ட வாழ்க்கை முழுவதும் வைகறையை ஒட்டி அமைந்தது. ஆனால் அப்பெரியவர்கள் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கே லயத்தில் விளக்கணைத்துவிட்டவர்கள். யாமம் முழுவதும் உறங்கினார்கள். வைகறையின் முற்பாதியும் உறங்கினார்கள். அன்றாடமும் அதே நேரம், ஊர் முழுவதும் அதே நேரம். அவர்களுடைய நாள் முன்னே தள்ளப்பட்டிருந்ததே தவிரத் தலைகீழாக மாறவில்லை. உழைப்பில் அவர்கள் பேரனுக்குக் குறைந்தவர்கள் அல்லர், பல மடங்கு கூடியவர்களே. எனினும் உறக்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் வேறு.

இனி, கல்விக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு. உறக்கம் என்பது படிப்பு நின்றுபோன நேரம் என்றே பலரும் கருதுகின்றனர். ‘உறக்கத்தைக் குறைத்துப் படி’ என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறாத ஆசிரியர் அரியர். 1924ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஓர் எளிய சோதனை நடத்தினர். பொருளற்ற அசைகள் பத்தினை மாணவர் இருவர் மனப்பாடம் செய்தனர். மனப்பாடம் செய்தவுடன் உறங்கி, எட்டு மணி நேரத்துக்குப் பின் எழுப்பிக் கேட்டபோது பத்தில் ஐந்துக்கு மேல் நினைவிலிருந்தன. அதே எட்டு மணி நேரத்தை விழிப்பில் கழித்தபோது எஞ்சியது ஏறத்தாழ ஒன்று. சோதிக்கப்பட்டவர் இருவரே, ஆயினும் பிற்காலத்து ஆய்வுகள் பல இதனை வலியுறுத்தின. உறக்கத்தின் முற்பகுதியில் மிகுதியாக வரும் ஆழ்ந்த உறக்கத்திலும், பிற்பகுதியில் மிகுதியாக வரும் கனவுறக்கத்திலும் மூளை அன்றைய பாடத்தை எடுத்து அடுக்கிவைக்கிறது என்பது இன்றைய கருத்து. மூன்றரை மணியில் எழுந்துவிடுபவன் பிற்பகுதியை இழக்கிறான்.

இழந்ததைப் பின்னர் ஈடு செய்யலாகாதா? 2000ஆம் ஆண்டில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்ணால் நுண்ணிய வேறுபாடுகளைக் காணும் பயிற்சி ஒன்றைச் சிலருக்கு அளித்தனர். பயிற்சி பெற்ற அன்றிரவு உறங்கியவர்கள் பின்னர்த் தேர்ச்சி காட்டினர். அன்றிரவு உறங்காதவர்கள் அடுத்த இரண்டு இரவுகள் நன்றாக உறங்கியும் அத்தேர்ச்சியைப் பெறவில்லை. எல்லாப் படிப்பும் இத்தன்மையதே என்று இதனைக் கொண்டு முடிவு கட்டுதல் கூடாது. எனினும் ‘தேர்வு முடிந்தபின் உறங்கிக்கொள்ளலாம்’ என்பவர்க்கு இஃது ஒரு எச்சரிக்கை.

இதனினும் கொடியது, தான் தளர்ந்திருப்பதைத் தானே அறியாமை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் நாளுக்கு 6 மணியே உறங்கியவர்களின் கவனம், முழுமையாக உறங்காதவர் நிலைக்குத் தாழ்ந்தது. அவர்களோ தமக்குச் சிறிதளவே தூக்கம் வருவதாகக் கூறினர். ‘எனக்குப் பழகிவிட்டது, ஐயா’ என்று மாணவன் கூறுவது இதனால்தான். 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்போர் கண்டறிந்தபடி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவனுடையதற்கு ஒப்பாகும். 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் மலேசியாவில் வாகனம் ஓட்டுவோர்க்கு விதிக்கப்பட்ட எல்லையும் அதுவே. பகல் ஒரு மணிக்கு விழித்து, வகுப்புக்குச் சென்று, இரவெல்லாம் பணிபுரிந்து, காலை 7 மணிக்கு வண்டியை எடுக்கும் மாணவன் 18 மணி நேரம் விழித்திருக்கிறான். குடித்துவிட்டு ஓட்டுகிறாயா என்று அவனை எந்தக் காவலரும் கேட்கமாட்டார். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டவர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். வேலை முடிந்ததும் உடனே புறப்படாமல், கடையின் பின்னறையில் இருபது நிமிடம் கண்ணயர்ந்து, முகம் கழுவிப் புறப்படுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஒரு தாய்க்கு அது சிறிதன்று.

வேலையை விட்டுவிடு என்று கூறும் நிலையில் யாரும் இல்லையாதலால், வேலையை எங்கே வைப்பது என்பதே மிஞ்சும் கேள்வி. மாலை 4 மணி முதல் நள்ளிரவு வரை உள்ள பணி கிடைக்குமாயின், ஊதியம் சற்றுக் குறைந்தாலும் அதுவே மேல். ஒரு மணிக்குப் படுத்து ஏழரைக்கு எழலாம், உறக்கத்தின் பெரும்பகுதி இருட்டிலேயே முடிந்துவிடும். முழு இரவுப் பணியே கிடைத்ததென்றால், அவ்விரவுகளை வாரம் முழுவதும் சிதறவிடாமல் அடுத்தடுத்து அமைத்துக் கேட்கலாம். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் ஆகியோர் ஒன்று கண்டனர்: உறக்கத்தின் ஒரு பகுதியை, நான்கு மணி நேரத்தையாவது, நாள்தோறும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால் உடற்கடிகாரம் நிலைபெறுகிறது. இதற்கு நங்கூர உறக்கம் என்று பெயர். காலை 8 முதல் 12 வரை உறங்குபவன் விடுமுறை நாளிலும் அந்நான்கு மணியை விடலாகாது. அதற்கு அவன் பதிவு செய்யும் வகுப்புகள் பிற்பகலில் இருக்க வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு பயிற்சிக் குழுக்கள் இருக்கும்போது, எதில் சேர்வது என்பதை நண்பர்கள் இருக்குமிடம் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் இங்கே கேடாக முடிகிறது. பாடப்பதிவு வாரத்தில் ஆசிரியர் கேட்கும் ஒரு கேள்வி, பருவ நடுவில் கூறும் பத்து அறிவுரைகளைவிடப் பயன்படும்.

மற்றவை சில. பணிக்குப் புறப்படுமுன் ஒன்றரை மணி உறங்குதல் நன்று. கோப்பியின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி ஆகும். எனவே நான்கு மணிக்குக் குடிக்கும் கோப்பி வேலைக்கு உதவி, உறக்கத்தைக் கெடுக்கும். அதனை இரவு ஒரு மணியோடு நிறுத்திக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் வயிறு நிறையப் பசியாறாமல் சிறிதளவு உண்டு, சன்னலைக் கனத்த துணியால் மறைத்துப் படுக்க வேண்டும்.

விடுப்புக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. மாணவர் பலர் தேர்வுக்கு முந்திய ஓர் இரவு மட்டும் விடுப்பு எடுத்து, அவ்விரவு முழுவதும் விழித்துப் படிக்கின்றனர். அதனால் பணிக்குச் சென்ற இரவுக்கும் செல்லாத இரவுக்கும் வேறுபாடே இல்லாமற் போகிறது. புதிய பாடத்தை முதன்முதலாக ஊன்றிப் படிக்கும் நாட்களுக்கு இரண்டு மூன்று இரவுகள் கேட்டுப் பெற்று, அவ்விரவுகளில் உறங்குவதே தக்கது. தேர்வு அட்டவணை வெளிவந்த அன்றே அதன் படி ஒன்றைக் கடை மேலாளரிடம் சேர்த்துவிட வேண்டும். பணிப்பட்டியல் எழுதி ஒட்டப்பட்ட பின்னர்க் கேட்டால், மாற்று ஆள் தேடும் சுமையும் மாணவன் தலையிலேயே விழும்.