‘என் வரிப் பணத்துல இலவசமா?’ ஒரு ரூபாய் கணக்கு சொல்வது என்ன

சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்த மாதம் ஆபீஸ் டீக்கடையில் இந்தப் பேச்சு வரும்: “வரி கட்டுறது நாம, இலவசம் வாங்குறது அவங்க.” நீங்களும் சொல்லியிருக்கலாம்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் வரவை ஒரு ரூபாயாக வைத்துப் பாருங்கள். வருமான வரி 22 காசு. இதைக் கட்டுபவர்கள் மக்கள்தொகையில் ரொம்பக் குறைவு, அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஜிஎஸ்டி 18 காசு, கலால் வரி 5 காசு. சோப்பு வாங்குகிறவரும் டூவீலருக்கு பெட்ரோல் போடுகிறவரும் சேர்ந்து கட்டுவது இந்த 23 காசு. ‘அவங்க’ளும் வரி கட்டுறாங்க.

செலவில் உணவு, உரம் போன்ற முக்கிய மானியங்களுக்கு 6 காசு. நலத்திட்டச் செலவு அதோடு முடிவதில்லைதான். தேர்தல் நேரத்து இலவசங்கள் பலவும் மாநில பட்ஜெட்டில் விழுகின்றன. ஆனால் வட்டிக்கு மட்டும் 20 காசு போவதை யாரும் டீக்கடையில் பேசுவதில்லை.

‘அரசு வரவுக்குள் செலவு செய்யணும்’ என்ற வலதுசாரி வாதம் வலுவாவது இங்கேதான். அதே ரூபாயில் 24 காசு கடன். அரசு விற்கும் பத்திரங்களில் 30, 40 வருடத் தவணையும் உண்டு. நீங்கள் ரிடையர் ஆகும் வரை அந்த வட்டி ஓடும்.