சர்க்கரை ஏறியதற்குச் சோறு மட்டுமா காரணம்?

நடமாட்டம் குறைந்த ஒருவருக்குச் சர்க்கரை அளவு திடீரென ஏறினால், வீட்டில் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாவது அவருடைய சாப்பாட்டுத் தட்டுதான். "யாருக்கும் தெரியாமல் என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்வி எழுகிறது. நான்கு இட்லி இரண்டாகிறது. சோறு ஒரு கரண்டியாகச் சுருங்குகிறது. பேரப்பிள்ளை கொடுத்த பிஸ்கட்டும் குற்றக் கணக்கில் சேர்கிறது. முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, பாலவேடு பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களில் இந்த மனத்தாங்கலை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆவடியின் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்கள், ஓய்வுக்குப் பின் மூட்டுத் தேய்வினாலோ பக்கவாதத்தினாலோ கட்டிலோடு முடங்கியிருக்கிறார்கள். தாம் எதையும் ஒளித்து உண்ணவில்லை என்று அவர்கள் சொல்வது பல நேரங்களில் உண்மையாகவே இருக்கிறது. சர்க்கரையை ஏற்றிய பொருள் மருந்துப் பெட்டிக்குள் இருக்கிறது.

இவ்வாறு சர்க்கரையை ஏற்றும் மருந்துகளில் முதலிடம் ஸ்டீராய்டுகளுக்கு உரியது. அவற்றின் வரலாறே நடக்க இயலாத ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் நடமாட இயலாதிருந்த ஓர் இளம் பெண்ணுக்குப் பின்னாளில் கார்டிசோன் எனப் பெயர் பெற்ற மருந்து ஊசி வழியே செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இந்தத் துறையில் உழைத்த கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டீன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. முகம் ஊதுதல், எலும்பு வலுவிழத்தல், சர்க்கரை ஏறுதல் ஆகிய பக்கவிளைவுகளும் விரைவிலேயே தெரியவந்தன.

கொரோனாக் காலம் இதே பாடத்தை நமக்கு மீண்டும் நடத்தியது. ஆக்சிஜன் தேவைப்படும் நிலையிலிருந்த நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன் அளிப்பது உயிரிழப்பைக் குறைக்கிறது என்று 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு காட்டியது. தேவையற்றவர்களுக்கும், தேவைக்கு அதிகமான நாள்களுக்கும் அது தரப்பட்டபோது நிலைமை வேறாயிற்று. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்ட கருப்புப் பூஞ்சை, பெரும்பாலும் கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர்களையே தாக்கியது. அவர்களில் பலர் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள்.

ஸ்டீராய்டு உடலில் என்ன செய்கிறது? கல்லீரலைத் தூண்டி ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டச் செய்கிறது. தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்காதபடியும் செய்கிறது. நடமாடும் ஒருவருக்குத் தசை அசைவே இன்சுலினின் துணையின்றியும் ஓரளவு சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். படுத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தசையும் நாம் நினைப்பதைவிட வேகமாகக் கரைகிறது. நலமாயிருந்த முதியவர்களைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. ஸ்டீராய்டோ தொடைத் தசையைத் தானும் கரைக்கிறது. படுத்தவர் மேலும் படுக்க நேர்வதற்கு இது ஒரு காரணம்.

குடும்பத்தினர் அறிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான செய்தி, பரிசோதனையின் நேரம் பற்றியது. காலையில் உட்கொள்ளும் பிரெட்னிசோலோன் மாத்திரை பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை உச்சத்துக்குக் கொண்டுசெல்கிறது. இரவில் அதன் விளைவு தணிந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் பார்த்தால் அளவு 110 என்று இருக்கலாம். அதே நாள் மாலை 320 ஆகவும் இருக்கலாம். எழுந்து வர இயலாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர் பெரும்பாலும் காலையில்தான் வருகிறார். அந்த ஒரு முடிவைப் பார்த்து மனநிறைவு அடைய வேண்டா. ஸ்டீராய்டு தொடங்கிய முதல் வாரத்திலேனும் மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவு உணவுக்கு முன்பும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, பத்து நாள்களாக ஏறியிருக்கும் சர்க்கரையை முழுமையாகக் காட்டாது.

தாம் ஸ்டீராய்டு எடுப்பதே தெரியாதவர்களும் உண்டு. முழங்காலுக்குள் போடும் ஊசி அவற்றுள் ஒன்று. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சில நாள்கள், சிலருக்கு ஒரு வாரம் வரைகூட, சர்க்கரை ஏறியிருக்கும். ஊசி போடுமுன் "இதில் ஸ்டீராய்டு உண்டா?" என்று கேட்பதில் தவறில்லை. கேட்பவரை மருத்துவர் குறைவாக எண்ணமாட்டார். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் விற்கப்படும் 'மூட்டுவலிப் பொடி' இரண்டாவது. மூன்றே நாளில் வலி மாயமாகிப் பசியும் பெருகினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறுங்கள். முறையான சித்த மருத்துவத்தை நாங்கள் குறை கூறவில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று எழுதப்படாத எதையும் உட்கொள்ள வேண்டா என்கிறோம்.

வேறு சில மருந்துகளும் சர்க்கரையை ஏற்றக்கூடும். ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகியவை ஓரளவு ஏற்றுகின்றன. மனநோய்க்கும் சில வேளைகளில் மறதி நோயாளிகளின் கிளர்ச்சிக்கும் தரப்படும் ஓலான்சபின் உடல் எடையையும் சர்க்கரையையும் சேர்த்து உயர்த்துகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின்கள் சிறிதளவே ஏற்றுகின்றன. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் அவற்றின் பயன் இதைவிடப் பெரிது. இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ஸ்டாடினை நிறுத்திவிட வேண்டா.

ஸ்டீராய்டையும் தாமாக நிறுத்துவது ஆபத்து. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தபின், உடல் தானாகச் சுரக்கும் கார்டிசால் குறைந்துபோயிருக்கும். திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே கேடு நேரலாம். மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். அப்போது மறுபக்கத்திலிருந்து ஓர் ஆபத்து காத்திருக்கிறது: ஸ்டீராய்டு குறையக் குறையச் சர்க்கரையும் இறங்கும், ஏற்றிவைத்த இன்சுலினையோ கிளிமிபிரைடு மாத்திரையையோ யாரும் குறைக்காவிட்டால் தாழ்சர்க்கரை வரும். ஸ்டீராய்டின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் "சர்க்கரை மருந்தை என்ன செய்வது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு 70-க்குக் கீழே இறங்கினால், விழுங்க இயலுமாயின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே 108-ஐ அழையுங்கள். பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவர்களுக்குப் படபடப்பு வெளியே தெரியாது; வியர்வை ஒன்றே அடையாளமாக இருக்கலாம்.

சர்க்கரை மிகையாக ஏறும் அடையாளங்களும் படுக்கையில் இருப்பவரிடம் எளிதில் மறைந்துவிடுகின்றன. தாகம் எடுத்தாலும் அவரால் எழுந்து சென்று நீர் அருந்த முடியாது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் கேட்கவும் முடியாது. டயப்பர் வழக்கத்தைவிட விரைவாக நனைவது, நாக்கு உலர்வது, பகலெல்லாம் உறங்கிக் கிடப்பது, பேச்சு குழறுவது ஆகியவற்றை "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவதுதான் பெரும் இழப்பில் முடிகிறது. அளவு தொடர்ந்து 300-க்கு மேல் நின்றாலோ, மயக்கநிலை தோன்றினாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டா. இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் உள்ளதா என்று நாள்தோறும் பாருங்கள். சர்க்கரை மிகுந்த உடலில் அது ஆறுவதற்கு நெடுநாள் பிடிக்கும்.

பட்டினி போடுவது இதற்குத் தீர்வாகாது. சோறு குறையும்போது பல வீடுகளில் பருப்பும் முட்டையும் சேர்ந்தே குறைகின்றன. கரைகின்ற தசைக்கு அது மேலும் ஓர் அடி. சிறுநீரக நோய் இல்லாதவருக்கு ஒவ்வொரு வேளையும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றுள் ஒன்று இருக்கட்டும். நாற்காலியில் அமர்ந்து குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, இயன்றவர் கட்டிலைப் பிடித்து எழுந்து அமர்வது ஆகியவற்றை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் செய்தாலும் பயன் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுடன் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு என்பது எங்கள் ஆதங்கம்.

மூன்று மாதச் சராசரி எல்லோருக்கும் 7-க்குக் கீழ் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. பல நோய்களோடு தளர்ந்திருக்கும் முதியவருக்கு 8-ஐ ஒட்டி இருந்தாலே நாங்கள் நிறைவு கொள்கிறோம். அதற்கும் கீழே விரட்டினால் தாழ்சர்க்கரையே மிஞ்சும்.

அடுத்த முறை வரும்போது நோயாளி உட்கொள்ளும் எல்லாவற்றையும், பாதி தீர்ந்த அட்டைகளையும் பொடிப் பொட்டலங்களையும் கண் சொட்டு மருந்தையும்கூட, ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு நோட்டில் மூன்று நாள்களின் அளவுகளை நேரத்தோடு குறித்து, எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது என்பதையும் எழுதிவையுங்கள். பையும் நோட்டும் கையிலிருந்தால், நடக்க இயலாதவரை ஆட்டோவில் ஏற்றி இறக்காமல் உறவினர் ஒருவர் மட்டும் வந்தாலும், பல வேளைகளில் அடுத்து என்ன செய்வது என்பதை எங்களால் சொல்ல முடியும்.