கடைச்சுவரில் தொங்கும் பொன்மொழிகள்: சொன்னவர் யார்?

கொழும்பு புறக்கோட்டையிலும் சரி, கண்டி, காத்தான்குடி, அக்கரைப்பற்றுக் கடைத்தெருக்களிலும் சரி, கல்லாப்பெட்டிக்கு மேலே கண்ணாடிச் சட்டமிட்ட வாசகம் ஒன்றை நாம் அடிக்கடி காண்கிறோம். வாடிக்கையாளரே எமது கடைக்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி, அவர் எம்மை நம்பி இல்லை, நாமே அவரை நம்பியிருக்கிறோம் என்ற கருத்தில் நாலைந்து வரிகள். அடியில் மகாத்மா காந்தி என்று பெயர் இருக்கும். சில அட்டைகளில் 'தென்னாபிரிக்கா, 1890' என இடமும் ஆண்டும்கூட அச்சிடப்பட்டிருக்கும்.

சரக்கு வந்து இறங்கினால் நாம் மூட்டையை எண்ணுகிறோம், பற்றுச்சீட்டோடு ஒப்பிடுகிறோம், சந்தேகம் வந்தால் நிறுத்தும் பார்க்கிறோம். பொன்மொழி வந்து இறங்கும்போது மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு செய்தி வந்தால் 'அதை உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார்' என்று அறிவிப்பாளர் தொடரை விசாரிக்கும் மரபில் வந்தவர்கள் நாம். அந்த விசாரணையைக் கடைச்சுவருக்கும் கொண்டு போனால் என்ன என்ற எண்ணத்தில் எழுந்ததுதான் இக்கட்டுரை.

காந்தியின் அட்டையைப் பொறுத்தவரை, பொய் சொல்வது அந்த ஆண்டுதான். 1890 இல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவர். 1891 இல் இந்தியா திரும்பினார். தென்னாபிரிக்க மண்ணில் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது 1893 இல். ஆகவே அந்த ஆண்டில், அந்த நாட்டில் அவர் எதையும் சொல்லியிருக்க வழியில்லை.

அப்படியானால் சரக்கு எங்கிருந்து வந்தது? 1941 ஆம் ஆண்டு அமெரிக்க விளம்பரத் தொழில் சஞ்சிகையான பிரின்டர்ஸ் இங்க் இதே கருத்துக்களை ஏறக்குறைய இதே சொற்களில் வெளியிட்டது. அதில் பேசியவர் கென்னத் எலியட். ஸ்டுடிபேக்கர் மோட்டார் கார் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்குப் பொறுப்பான உபதலைவர். பின்னர் எல்.எல்.பீன் என்ற அமெரிக்க வியாபார நிறுவனம் இதே வாசகங்களைச் சுவரொட்டியாக்கியது. அங்கிருந்து நாடு நாடாகப் பயணித்த வாசகம், இந்தியாவுக்கு வந்ததும் ஒரு பெரிய மனிதரின் பெயரைச் சூடிக்கொண்டது. கார் விற்றவரின் பெயரைப் போட்டால் யார் சட்டமிட்டு மாட்டுவார்கள்?

1852 இல் குதிரை வண்டி செய்யும் பட்டறையாகத் தொடங்கிய அந்த ஸ்டுடிபேக்கர், 1963 இல் தனது பிரதான தொழிற்சாலையையும் 1966 இல் கார் உற்பத்தியையும் அடியோடு மூடிவிட்டது. வாடிக்கையாளரைப் பற்றி அழகாகப் பேசினால் மட்டும் கடை நிலைப்பதில்லை போலும்.

வேடிக்கை என்னவென்றால், எமது வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டிய உண்மையான காந்தி கதை ஒன்று இருக்கிறது. அதை யாரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை. அவரைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்ததே ஒரு முஸ்லிம் வர்த்தக நிறுவனம்தான். போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வியாபாரியான தாதா அப்துல்லாவின் கம்பனி, 105 பவுண் சம்பளமும் முதலாம் வகுப்புப் பயணச் செலவும் தருவதாகச் சொல்லி ஒரு வழக்கில் உதவ அவரை வரவழைத்தது. எதிராளி தையிப் ஹாஜி கான். அவரும் போர்பந்தர் மேமன், அதிலும் உறவுக்காரர். வழக்குத் தொகை 40,000 பவுண்கள். அக்காலத்தில் அது எவ்வளவு பெரிய பணம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கை ஆராய்ந்த காந்தி, தமது கட்சிக்காரர் பக்கம் நியாயம் பலமாக இருப்பதைக் கண்டார். ஆனால் வழக்கு இழுபட்டால் வக்கீல் கட்டணமே இரு தரப்பையும் தின்றுவிடும் என்பதையும் கண்டார். இருவரையும் இணங்க வைத்து மத்தியஸ்தத்துக்குக் கொண்டுவந்தார். மத்தியஸ்தர் தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமானது. 37,000 பவுணும் செலவுத்தொகையும் கொடுக்க வேண்டும் என்றானது. அதை ஒரே தடவையில் கட்டினால் தையிப் சேட் வங்குரோத்தாகிவிடுவார். வங்குரோத்தைவிட மரணமே மேல் என்பது அங்கிருந்த போர்பந்தர் மேமன்களிடையே எழுதப்படாத சட்டமாக இருந்ததாகக் காந்தி தமது சுயசரிதையில் குறிப்பிடுகிறார். ஆகவே நீண்டகாலத் தவணையில் பணம் பெற்றுக்கொள்ளுமாறு அவர் தாதா அப்துல்லாவிடம் பேசினார். மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைப்பதைவிட இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்ததாம். கடைசியில் அப்துல்லா சேட் இணங்கினார். இருவரின் மதிப்பும் ஊரில் கூடியது.

திரும்பி வந்த காசோலையோடு நேராக நீதிமன்றப் படியேறும் எமது சகோதரர்கள் எத்தனை பேர்? உறவும் போய், பணமும் போய், கடைசியில் வழக்குச் செலவு மட்டும் மிஞ்சிய சம்பவங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சுவரில் காந்தியின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால் இந்தக் கதையை எழுதி மாட்டலாம்.

இனி, 'வாடிக்கையாளர் சொல்வது எப்போதும் சரி' என்பதற்கு வருவோம். லண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியில் 1909 இல் பெரிய கடை திறந்த ஹரி கோர்டன் செல்பிரிஜின் பெயரோடு இது ஒட்டிக்கொண்டுள்ளது. ஆனால் அவர் தொழில் பழகியது சிக்காகோ நகரில், மார்ஷல் பீல்ட் என்பவரின் கடையில். 1905 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் இதனைப் பீல்டின் கொள்கையாக எழுதியுள்ளன. ஹோட்டல்காரரான சேசர் ரிட்ஸும் வாடிக்கையாளர் ஒருபோதும் பிழைவிடுவதில்லை என்ற கொள்கையை வைத்திருந்தார். யார் முதலில் சொன்னது என்று சண்டை பிடிப்பதைவிட, ஏன் அந்தக் காலத்தில் சொன்னார்கள் என்று பார்ப்பதே பயனுள்ளது.

அதற்கு முந்திய காலத்து வியாபார வழக்கம் 'வாங்குபவனே, கவனமாயிரு' என்பதாகும். கேவியட் எம்ப்டர் என்ற இலத்தீன் சொற்றொடர் அது. இலத்தீன் என்பதால் இதை ரோமர் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரோமாபுரிச் சந்தை அதிகாரிகள் அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர் அவற்றின் குறைகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றே கட்டளையிட்டிருந்தார்கள். இந்தச் சொற்றொடருக்கு உயிர் கொடுத்தது இங்கிலாந்து. அங்கே 1603 இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு, பேருவளை மாணிக்கக்கல் வியாபாரிகள் கேட்டு ரசிக்கக் கூடியது. பொற்கொல்லர் ஒருவர் 'பெசோவார்' கல் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுணுக்கு விற்றார். ஆட்டின் வயிற்றில் உருவாகும் இக்கல் விஷத்தை முறிக்கும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். வாங்கியவருக்கு அது பெசோவார் அல்ல என்று பின்னர் தெரியவந்தது. வழக்குப் போட்டார், தோற்றார். விற்பவர் 'இது பெசோவார்' என்று சொன்னாரே தவிர, உத்தரவாதம் கொடுக்கவில்லையே என்பது நீதிமன்றத்தின் வாதம்!

எமது மார்க்கச் சட்டத்தில் மறைந்த குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை, அதாவது கியாருல் ஐப், வாங்குபவருக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே உண்டு. இலங்கையிலும் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குபவரை முழுவதும் கைவிடவில்லை. வாங்குபவர் தனது தேவையைச் சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு உதவ வேண்டும் என்ற நிபந்தனையைப் பல சந்தர்ப்பங்களில் அச்சட்டமே சேர்த்துவிடுகிறது. 2003 இன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் முறைப்பாடு செய்வதற்கும் வழி திறந்தது. 'கவனமாயிருப்பது உன் பொறுப்பு' என்று இனியும் சொல்லித் தப்பலாம் என்று எண்ணும் வியாபாரி பழைய காலத்தில் இருக்கிறார்.

ஆக, பீல்டும் செல்பிரிஜும் சொன்னது, குறையிருந்தால் தர்க்கம் பண்ணாமல் திருப்பி எடு என்ற கடைக் கொள்கையைத்தான். வாடிக்கையாளர் அடித்தாலும் வாங்கிக்கொள் என்பதல்ல. நான் துணிக்கடை நடத்திய காலத்தில், பெருநாள் முடிந்த மறுவாரம் உடுத்துக் கழற்றிய உடுப்பைத் திருப்பிக் கொண்டுவருவோர் வருடம் தவறாமல் வருவார்கள். அவர்கள் எப்போதும் சரி என்று நான் நம்பியதில்லை. இன்னொரு தகவல்: செல்பிரிஜ் வாடிக்கையாளரிடம் காட்டிய தாராளத்தைத் தன்னிடமும் காட்டினார். சூதும் ஆடம்பரமுமாகக் கைப்பணத்தை அழித்து, 1941 இல் சொந்தக் கடையிலிருந்தே வெளியேற்றப்பட்டு, 1947 இல் அதிகம் ஒன்றும் மிஞ்சாமல் மரணித்தார்.

சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயரைக் 'கடைக்காரர் தேசம்' என்று இகழ்ந்தவர் நெப்போலியன் என்பார்கள். அச்சொல்லை 1776 இல், நெப்போலியன் சிறுவனாக இருந்தபோதே, ஆடம் சிமித் எழுதிவிட்டார். மக்களிடம் கேட்டிருந்தால் வேகமான குதிரைதான் வேண்டும் என்றிருப்பார்கள் என்று ஹென்றி போர்ட் சொன்னதாக முகாமைத்துவ வகுப்புகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அவர் சொன்னதற்கு ஆதாரமில்லை. கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறத்திலும் கார் வாங்கலாம் என்ற வேடிக்கைப் பேச்சு மட்டும் 1922 இல் வெளிவந்த அவரது சொந்த நூலில் இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தின் விலையையும் அவர் கொடுத்தார். நிறமும் வசதியும் கொடுத்த செவ்ரோலே வாடிக்கையாளர்களை இழுத்துக்கொள்ள, 1927 இல் அந்தக் கார் உற்பத்தியே நின்றது. கடன்பட்டவனின் நெஞ்சத்தோடு இலங்கை வேந்தனின் கலக்கத்தை ஒப்பிடும் வரியையும் மேடைகளில் கம்பர் தலையில் கட்டுகிறோம். கம்பராமாயணத்தில் அந்த வரி இல்லை.

'காலம் பணமாகும்' என்பது சற்று வேறு வகை. இதைப் பிரபலமாக்கியவர் பென்ஜமின் பிராங்ளின் என்பது உண்மைதான். 1748 இல் இளம் தொழிலாளி ஒருவருக்கு ஆலோசனையாக எழுதினார். அரை நாள் சோம்பியிருந்து ஆறு பென்ஸ் செலவழித்தவன், அந்த ஆறு பென்ஸை மட்டும் கணக்கில் எழுதக் கூடாது, அரை நாள் உழைப்பையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது அவர் விளக்கம். நாம் முதல் வசனத்தோடு நின்றுவிட்டோம். அவர் அதற்கு அடுத்ததாகச் சொன்னது, கைமாற்று நம்பிக்கையும் பணம்தான் என்பது. அதிகாலை 5 மணிக்கோ இரவு 9 மணிக்கோ உனது சுத்தியல் சத்தம் கடன் கொடுத்தவன் காதில் விழுந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுப்பான், விளையாட்டு மேசையிலோ மதுக்கடையிலோ உன்னைக் கண்டால் மறுநாளே பணத்துக்கு ஆள் அனுப்புவான் என்கிறார். பிராங்ளின் அதே கடிதத்தில் வட்டியையும் புகழ்கிறார். அது அவருடைய கணக்கு. ஆனால் வாங்கிய கடனைச் சொன்ன நாளில் கொடுப்பது பற்றி அவர் எழுதியிருப்பதைத் தவணைக்குச் சரக்கெடுக்கும் ஒவ்வொருவரும் படிக்கலாம். புறக்கோட்டையில் மொத்த வியாபாரி உங்கள் பெயரைக் கேட்டதும் சரக்கை ஏற்றுகிறாரா, உள்ளே போய்க் கணக்குக் கொப்பியைப் பார்க்கிறாரா என்பதில்தான் உங்கள் முதல் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 'கூட்டு வட்டி உலகின் எட்டாவது அதிசயம்' என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் மரணித்தது 1955 இல். அவர் எழுத்திலோ பேச்சிலோ இதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. வட்டியே வேண்டாம் என்றிருக்கும் எமக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். சில காலத்துக்கு முன்னர் எனக்குத் தெரிந்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு வந்தார். மேலே ஐன்ஸ்டீன் படம். 'வட்டி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பெருகும் இலாபம்' என்று மாற்றியிருந்தார்கள். மாதாமாதம் இலாபப் பங்கு, முதலுக்கு உத்தரவாதம். கடையின் சுழற்சிப் பணத்தில் ஆறு இலட்சம் ரூபாவை அதில் போட முடிவு செய்திருந்தார்.

"இவ்வளவு பெரிய விஞ்ஞானி சொல்லியிருக்கார் நானா, பொய்யாகுமா?" என்றார்.

"ஐன்ஸ்டீன் இதைச் சொல்லல்ல. சொல்லியிருந்தாலும் அவர் உங்கட காசுக்குப் பொறுப்பில்ல. மத்திய வங்கி அனுமதி கொடுத்த கம்பனிகளின் பெயர்ப் பட்டியல் இருக்கு. அதில இந்தப் பெயர் இருக்கா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன்.

இலாபம் வேண்டுமென்றால் நட்டத்திலும் பங்கு இருக்க வேண்டும், முதலுக்கு உத்தரவாதம் தரும் கூட்டு வியாபாரம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் இரவு இஷாவுக்குப் பின் தொலைபேசி எடுத்தார். பட்டியலில் அந்தப் பெயர் இல்லையாம். ஆறு இலட்சத்துக்கும் அரிசியும் சீனியும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்.