குளிர்காலத்தில் உருளும் சக்கரம்

மார்கழி பிறந்துவிட்டால் போளூரில் விடியற்காலைத் தண்ணீர் விரலைக் கடிக்கும். மேற்கே ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் குளிர் கொல்லைப்புறத் தொட்டியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கழிவறைக்குப் போய்வந்த பிள்ளை என்ன செய்கிறது? விரல் நுனியை நனைக்கிறது, டவுசரில் துடைக்கிறது, இட்லித் தட்டுக்கு ஓடுகிறது. நானும் சின்ன வயதில் அப்படி ஓடியவன்தான். அந்த அவசரத்தைப் பயன்படுத்திக்கொண்டு ஒரு சக்கரம் வீட்டுக்குள் உருண்டு வருகிறது.

1973ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற அறிவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், கடுமையான வயிற்றுப்போக்கால் தவித்த குழந்தைகளின் குடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே குட்டிக் குட்டியாக வண்டிச் சக்கரங்கள்! லத்தீன் மொழியில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். அதனால் ரோட்டா வைரஸ் என்று பெயர் வந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் பத்தாயிரம் சக்கரங்களை வரிசையாக நிறுத்தலாம்.

நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் இவை ஆயிரம் கோடிக்கும் மேல் இருக்கக்கூடும். அடுத்த குழந்தையைப் படுக்கவைக்க நூறுக்கும் குறைவானவையே போதும். இப்போது விரல் நுனியை மட்டும் நனைத்ததை நினைத்துப் பாருங்கள். தம்பிப் பாப்பாவுக்குக் கால் கழுவிவிட்ட கை, சோப்பு படாமலே சோறு பிசைந்தால் என்ன ஆகும்?

வைரஸுக்குக் குளிர் ஏன் பிடிக்கிறது? குளிர்ந்த, ஈரம் குறைந்த சூழலில் அது பாத்திரத்திலும் பொம்மையிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். நாமும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நெருங்கிக் கிடக்கிறோம். ஆனால் கைக்கும் தண்ணீருக்கும் நடுவே வந்துவிடும் பகையையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

கொரோனா வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கிழித்துவிடும். ரோட்டாவுக்கும், பெரியவர்களையும் வாந்தி எடுக்க வைக்கும் நோரோ வைரஸுக்கும் அந்த உறையே கிடையாது. இங்கே சோப்பின் வேலை கொல்வது அல்ல, ஒட்டியிருப்பதை வழுக்கிவிடுவது. தேய்க்கும் கையும் ஓடும் தண்ணீரும் அதைக் கொண்டுபோய்விடும். அதற்கு இருபது நொடியாவது வேண்டும். நோரோ வைரஸிடம் சானிடைசரை நம்பிப் பயனில்லை. தண்ணீர் சூடாக இருந்தால்தான் கிருமி போகும் என்பதும் இல்லை. ஆனாலும் மார்கழியில் ஒரு செம்பு வெந்நீரை விளாவி வைக்கச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். கை கூசாமல் நின்று கழுவுவீர்கள் அல்லவா!

“பல் முளைக்குது, அதான் பேதி” என்று பாட்டிகள் சொல்வது உண்டு. அவர்கள் பார்த்தது உண்மைதான், காரணம்தான் வேறு. பல் முளைக்கும் வயதில் குழந்தை தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். சக்கரத்துக்கு அது திறந்த வாசல்.

போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பேருந்தில் ஏறினால், இந்தக் கதையின் அடுத்த பகுதி நடந்த ஊரில் இறங்கலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ககன்தீப் காங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வாரம் இருமுறை வீடுதேடிப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலத்தைச் சோதித்தார்கள். ஆறு மாதத்துக்குள்ளேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ரோட்டா வந்துவிட்டிருந்தது. எத்தனை பொறுமை வேண்டும் இந்த வேலைக்கு!

நம் நாட்டுத் தடுப்பு மருந்தான ரோட்டாவாக்கின் தொடக்கம் இன்னும் வியப்பானது. 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சில குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியும் பேதி வரவில்லை. அந்தச் சாதுவான வைரஸிலிருந்துதான் மருந்து உருவானது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். ஊசி இல்லை, வாயில் சொட்டு.

எல்லாம் மீறிப் பேதி வந்துவிட்டால்? ரோட்டா, குடலுறிஞ்சிகளின் நுனியைச் சிதைக்கிறது. உடம்பின் நீர் வெளியேறுகிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் ஜோடியாக நுழையும் வாசல்கள் குடலில் இன்னும் மிச்சமிருக்கும். அவை நுழைந்தால் தண்ணீரும் பின்னாலேயே போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் ரகசியம் அதுதான். பெரிய பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தரலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டு போனால் நேரே அரசு மருத்துவமனைக்கு.

தமிழ்நாட்டில் 2017 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து இலவசம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் கொடுப்பார்கள். வீட்டில் பாப்பா இருந்தால், பீரோவில் துணிக்கு அடியில் அம்மா பத்திரமாக வைத்திருக்கும் அந்தத் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். ‘ரோட்டா’ என்ற வரியில் எத்தனை தேதி எழுதியிருக்கிறது?