ஹீட் பம்ப்புக்குப் பகலில் வேலை கொடுங்கள்!

கீசரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் மாட்டியும் கரன்ட் பில் குறையவில்லையா? மெஷினைத் திட்டும் முன், அது எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள்.

ஃப்ரிட்ஜ் உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது அல்லவா? ஹீட் பம்ப் வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தருகிறது. அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 3 யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கிறது. காற்று குளிர்ந்தால் இந்த லாபம் குறைந்துவிடும். தர்மபுரியின் மார்கழி விடியலில் ஸ்விட்ச் போடுவதைவிட, டைமரில் பகல் 12 முதல் 3 மணி வரை வையுங்கள். நல்ல இன்சுலேஷன் உள்ள டேங்க் என்றால் மறுநாள் குளியல்வரை சூடு தாங்கும். வெந்நீர்க் குழாய்க்கும் உறை போடுங்கள்.

65 டிகிரி எதற்கு? எப்படியும் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கப் போகிறீர்கள்! 50 - 55 போதும். கிருமி வளராமலிருக்க வாரம் ஒருமுறை மட்டும் 60க்கு மேல் ஏற்றுங்கள். மெஷினை மூடிய அறையில் வைத்தால், தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். காற்றோட்டமான இடமே சரி.

மாவட்டத்தில் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவம் உள்ளேயும் படிந்து, சூடு ஏறவிடாமல் தடுக்கும். அதற்காக ஒகேனக்கல் தண்ணீரை டேங்கில் ஏற்றிவிடாதீர்கள். ஃபுளோரைடு தொல்லைக்குத் தீர்வாகக் குடிக்க வந்த தண்ணீர் அது. ஆண்டுக்கொரு முறை மெக்கானிக்கை அழைத்துப் படிவத்தை நீக்கச் சொல்லுங்கள்.